நாமக்கோழி போடும் கோடு

தை மாதத்து விடியற்காலை. நீங்கள் ஓர் ஏரிக்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின்மேல் மெல்லிய பனி. கரையிலிருந்து சற்றுத் தொலைவில் நாற்பது ஐம்பது கறுப்புப் பறவைகள் மிதந்துகொண்டிருக்கின்றன. கோழி அளவு உடல். வெள்ளை வெளேரென்று அலகு. அந்த வெண்மை நெற்றியிலும் ஏறி, நாமம் போட்டதுபோல் இருக்கிறது. ஆம், அவை நாமக்கோழிகள். ஒன்று முங்குகிறது, நீர்ச்செடி ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே வருகிறது, தின்கிறது, மறுபடி முங்குகிறது. காலை உணவு மும்முரமாக நடக்கிறது.

உங்கள் பின்னால் கரையின் நடைபாதையிலும் கூட்டம்தான். டாக்டர் சொன்னபடி வேகமாக நடக்கும் பெரியவர்கள், மிதிவண்டியில் சிறுவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர். இத்தனை பேர் போகிறார்கள், வருகிறார்கள். நாமக்கோழிகள் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போது ஒருவர் நடைபாதையை விட்டு இறங்குகிறார். கையில் செல்பேசி. படம் எடுக்கத் தண்ணீரை நோக்கி மெல்ல நடக்கிறார். பத்து அடி நடந்ததும் ஒரு நாமக்கோழி தலையைத் தூக்குகிறது. பிறகு இரண்டு, பிறகு ஐந்து. அவர் இன்னும் சில அடிகள் வைக்கிறார். அவ்வளவுதான்! 'சடசட'வென்று தண்ணீரின்மேல் கால் பதித்து ஓடி, கூட்டம் முழுவதும் ஏரியின் மறுபக்கம் போய்விடுகிறது.

அவருக்குப் படம் கிடைக்கவில்லை. உங்களுக்குக் காட்சி போயிற்று. பறவைகளுக்குச் சாப்பாடு போயிற்று. மூவருக்கும் நட்டம்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நடைபாதையில் நூறு பேர் போனபோது அசையாத பறவைகள், ஒரே ஒருவர் மெதுவாக இறங்கியதும் ஏன் ஓடின? இந்தப் புதிரை விடுவித்தால், ஓர் ஏரியை மனிதர்களும் பறவைகளும் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

ஊருக்குள் ஓர் ஏரி

இத்தகைய காட்சியைக் காணக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் நகரத்தின் நடுவிலேயே உக்கடம் பெரியகுளம் இருக்கிறது. குளம் என்று பெயரே தவிர, அது பெரிய ஏரி. நொய்யல் ஆற்று நீரைத் தேக்குவதற்காக முன்னோர்கள் வெட்டிய ஏரிகளில் இதுவும் ஒன்று. 2013-ஆம் ஆண்டுக் கோடையில் இது வறண்டு கிடந்தபோது, நகர மக்கள் திரளாக வந்து, தூர் வாரும் பணியில் கைகொடுத்தார்கள். பின்னர் இதன் கரையில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் அமைக்கப்பட்டன. அருகிலுள்ள வாலாங்குளத்தில் படகுத்துறையும் வந்தது.

இந்த ஏரிகளுக்கு மக்கள் நடக்க வருகிறார்கள். பிள்ளைகள் விளையாட வருகிறார்கள். மீனவர்கள் பரிசலில் மீன் பிடிக்கிறார்கள். இவர்களில் யாரையும் 'நீ வராதே' என்று சொல்ல முடியாது. ஏரி இருப்பது தெரிந்தால்தானே மக்கள் அதைக் காப்பாற்றுவார்கள்?

அதே ஏரிக்குக் கூழைக்கடாக்கள் வருகின்றன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நீல நிறத் தாழைக்கோழி ஆகியவை ஆண்டு முழுவதும் நம் நாட்டில் வாழ்பவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய வாத்துகளோ குளிர்காலத்தைக் கழிக்க ஆசியாவின் வடபகுதிகளிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வருபவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த இவற்றுக்கு வேண்டியவை இரண்டே: உணவு, ஓய்வு. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள்

ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறது என்று கற்பனை செய்யுங்கள்.

வெளிக்கோடு விழிப்புக் கோடு. நீங்கள் அதைத் தாண்டியதும் பறவை தின்பதை நிறுத்துகிறது. கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறது. உட்கோடு எழும்பும் கோடு. அதைத் தாண்டினால் பறவை ஓடும், பறக்கும் அல்லது முங்கும். பறவைக்கும், அது எழும்பும் நேரத்தில் அதை நெருங்குபவருக்கும் இடையே உள்ள தொலைவை 'எழும்பும் தூரம்' என்று சொல்லலாம். உலகின் பல நாடுகளில் விஞ்ஞானிகள் இதை அளந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட சில பொது உண்மைகள் இவை:

பெரிய உடல் உள்ள பறவைகள் பொதுவாக அதிகத் தொலைவிலேயே எழும்பிவிடுகின்றன. சிறிய முக்குளிப்பானை நெருங்கும் அளவுக்குக் கூழைக்கடாவை நெருங்க முடிவதில்லை. கனத்த உடலைத் தண்ணீரிலிருந்து கிளப்ப நேரம் பிடிக்கும் என்பது இதற்கு ஒரு காரணம்.

வேட்டை நடக்கும் இடங்களில் எழும்பும் தூரம் அதிகம். வேட்டை நின்று, மக்கள் தொல்லை தராமல் நடமாடும் இடங்களில் அது குறைகிறது. ஒரே இனத்துப் பறவைக்கே இடத்துக்கு இடம் கோடு மாறும்!

கூட்டமாக இருக்கும்போது ஒரு பறவை பயந்து எழுந்தால் போதும், மற்றவையும் எழுந்துவிடும். ஆகவே, கூட்டத்தின் கோட்டைப் போடுவது அதிலுள்ள மிகவும் பயந்த பறவைதான்.

'தூங்கும் வாத்தை நெருங்கிவிடலாமே' என்று எண்ணுகிறீர்களா? அதுவும் எளிதல்ல. வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அதனால் ஏறத்தாழ நாற்புறமும் பார்க்க முடியும். அதோடு, ஒரு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் அதற்குத் தெரியும்! மூளையின் ஒரு பாதி தூங்கும். மறு பாதி விழித்திருக்கும். 1999-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வரிசையாகத் தூங்கும் வாத்துகளை ஆராய்ந்து ஒரு விந்தையைக் கண்டார்கள். நடுவில் இருந்தவற்றைவிட, வரிசையின் ஓரத்தில் இருந்த வாத்துகளே இப்படி ஒற்றைக் கண்ணால் அதிகம் தூங்கின. திறந்திருந்த கண் எந்தப் பக்கம்? பெரும்பாலும் வெளிப்பக்கம்! ஓரத்தில் இருப்பவருக்குக் காவல் வேலை.

பறந்தால் என்ன நட்டம்?

'பறவை என்றால் பறக்கத்தானே செய்யும்? சற்றுப் பறந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தால் என்ன கெட்டுவிட்டது?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாத்து இறக்கையடித்துப் பறக்கும்போது, சும்மா இருக்கையில் செலவாகும் ஆற்றலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் செலவாகிறது. நாம் பத்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முறை விரட்டப்பட்டு 3 நிமிடம் பறந்தால், அது 30 நிமிட ஓய்வுக்குப் போதுமான ஆற்றலைச் செலவழித்துவிட்டது. ஒரு காலைப் பொழுதில் 8 முறை விரட்டப்பட்டால் 4 மணி நேரத்துக்கான ஆற்றல் போய்விடும். அதோடு, ஒவ்வொரு முறையும் தின்னும் நேரம் வீணாகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பமும் தள்ளாடும் அல்லவா? பறவையின் உடலும் அப்படித்தான்.

நாமக்கோழிக்குத் தரையில் ஓடி வேகம் பிடிக்கும் விமானத்தைப்போலத் தண்ணீரின்மேல் நெடுந்தூரம் ஓடினால்தான் எழும்ப முடியும். முக்குளிப்பானின் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கின்றன. முங்கி நீந்த இது மிகவும் வசதி. ஆனால் ஆபத்து வந்தால் அது பெரும்பாலும் பறப்பதில்லை. 'முங்' என்று மறைந்து வேறு எங்கோ தலை காட்டும். பறக்கவில்லையே என்று நாம் நினைப்போம். அதற்கும் அது தொல்லைதான்.

கூடு கட்டும் காலத்தில் நட்டம் இன்னும் பெரிது. முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டுப் போகும்போது முட்டைகளைச் செடிகளால் மூடிவிட்டுப் போவது அதன் வழக்கம். திடீரென்று ஒரு படகு நெருங்கினால் மூடுவதற்கு நேரம் ஏது? திறந்து கிடக்கும் முட்டைகள் காகத்தின் கண்ணில் படும். வேகமாகச் செல்லும் படகின் அலை, கூட்டையே புரட்டிவிடவும் கூடும்.

புதிருக்கு விடை

இப்போது நம் புதிருக்கு வருவோம். நடைபாதையில் சென்ற நூறு பேரைப் பறவைகள் ஏன் பொருட்படுத்தவில்லை?

முதல் காரணம், திசை. பருந்தோ நரியோ இரையை நோக்கி நேராக வரும். பக்கவாட்டில் கடந்து செல்பவரைவிட, நேராக நெருங்குபவரையே பறவை ஆபத்தாகக் கருதுகிறது. செல்பேசிக்காரர் வந்தது நேராக.

இரண்டாவது காரணம், பழக்கம். நடைபாதையில் நாள்தோறும் மனிதர்கள் வருகிறார்கள். ஆனால் தீங்கு எதுவும் நேர்வதில்லை. திரும்பத் திரும்ப நடந்தும் கெடுதல் செய்யாத ஒன்றைப் பறவையின் மூளை பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்கிறது. இரயில் பாதைக்கு அருகில் வசிப்பவர்கள் இரயில் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவது போலத்தான். ஆனால் பாதையை விட்டு இறங்கியவர் பழக்கத்துக்கு மாறானவர்.

மூன்றாவது காரணம், நடை. 'மெதுவாகத்தானே போனேன்' என்று அவர் சொல்லலாம். ஆனால் நின்று நின்று, குனிந்து, பதுங்கி வருவது யாருடைய நடை? வேட்டையாடும் விலங்கின் நடை!

நாயைக் கயிற்றில் பிடித்துப் பாதையோடு கூட்டிப்போனால் தொல்லை குறைவு. அவிழ்த்துவிட்டால், நாமக்கோழியின் கண்ணுக்கு அது நாயல்ல, நரிதான். படகும் அப்படியே. ஏரியின் நடுவே ஒரே பாதையில் நிதானமாகப் போய்வரும் படகுக்குப் பறவைகள் பழகிவிடக்கூடும். நாணல் ஓரத்துக்குள் புகுந்து, பறவைகளைத் துரத்திப் படம் எடுக்கும் படகுக்கு அவை பழகுவதில்லை.

ஆக, ஏரிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, எங்கே, எப்படி நடமாடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். கூட்டம் அதிகமானால் பயனில்லாமல் போகும் என்று அஞ்ச வேண்டாம். ஒழுங்கு இருந்தால் ஏரியில் இருவருக்கும் இடம் உண்டு.

பங்கிட்டுக்கொண்ட ஊர்கள்

இது ஏட்டுச் சுரைக்காயா, நடைமுறையில் முடியுமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவரும் ஓர் ஊரைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லண்ட் என்னும் நகரம் இருக்கிறது. அதன் நடுவில் மெரிட் ஏரி. கடல்நீர் ஏறி இறங்கும் கழியாக இருந்த இதை, 1869-இல் சாமுவேல் மெரிட் என்பவரின் முயற்சியால் அணை கட்டி ஏரியாக்கினார்கள். அங்கே குளிர்காலத்தில் ஏராளமான வாத்துகள் வரும். அவற்றைச் சுடத் துப்பாக்கிக்காரர்களும் வருவார்கள். 1870-இல் மாநிலச் சட்டம் ஒன்று அங்கே பறவைகளைச் சுடுவதைத் தடை செய்தது. அமெரிக்காவில் வனவிலங்குப் புகலிடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

இன்று அந்த ஏரியைச் சுற்றி மக்கள் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். ஏரியில் துடுப்புப் படகும் பாய்மரப் படகும் விடுகிறார்கள். பறவைகளோ இன்னும் வருகின்றன. எப்படி? ஏரியின் ஒரு மூலையைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார்கள். 1925-இல் அங்கே ஒரு செயற்கைத் தீவு அமைத்தார்கள்; 1950-களில் மேலும் நான்கு. அந்த மூலைக்குள் படகு புகாதபடி தண்ணீரில் மிதவைத் தடுப்பும் போட்டார்கள். நாமக்கோழி போட்ட கண்ணுக்குத் தெரியாத கோட்டை, மனிதன் கண்ணுக்குத் தெரியும்படி தண்ணீரில் போட்டான், அவ்வளவுதான்!

ஆனால் கோடு மட்டும் போதாது. 2022 ஆகஸ்டில் அந்த வட்டாரக் கடலில் நுண்பாசி அளவுக்கு மீறிப் பெருகியபோது, மெரிட் ஏரியிலும் மீன்கள் ஏராளமாகச் செத்து மிதந்தன. தண்ணீர் கெட்டால் தடுப்பு எதைக் காக்கும்? ஏரிக்குள் கழிவுநீர் விடுவதும், பறவைக்குப் போடுகிறோம் என்று பொரியையும் பன்னையும் வாரி இறைப்பதும் இந்த வகையில் தவறுதான். தின்னாமல் விட்டது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. பாசிக்கு அது உரமாகிறது.

சுடக்கூடாது என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்ததென்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு 72 ஆண்டுகளுக்கு முன்பே, 1798-இல், நம் வேடந்தாங்கல் கிராம மக்கள் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டு, தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாதென்று உத்தரவு வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பாசனத்துக்கு ஏரியைப் பயன்படுத்தினார்கள். பறவைகளுக்கும் அதில் இடம் விட்டார்கள். ஏரியைப் பங்கிடுவது நமக்குப் புதிதல்ல.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் ஊர் ஏரியில் கோடு எங்கே இருக்கிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு குறிப்பேடு, பென்சில், கைக்கடிகாரம் போதும். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றால் பறவைகளின் நிறம் நன்றாகத் தெரியும்.

ஒரு நிபந்தனை: அளப்பதற்காகப் பறவைகளை விரட்டக் கூடாது! மற்றவர்களால் பறவை எழும்பும்போது குறித்துக்கொண்டால் போதும்.

தண்ணீரில் இருக்கும் பறவையின் தொலைவை எப்படி அளப்பது? உங்கள் கட்டை விரலே கருவி. கையை முன்னால் நன்றாக நீட்டி, கட்டை விரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பார்த்து விரலைப் பறவைக்கு நேராக வையுங்கள். கையை அசைக்காமல் இப்போது வலக்கண்ணை மூடி, இடக்கண்ணைத் திறங்கள். விரல் பக்கவாட்டில் தாவியதுபோல் தோன்றும். அது தாவிய அகலத்தை மதிப்பிட்டுப் பத்தால் பெருக்குங்கள். அதுவே ஏறத்தாழப் பறவையின் தொலைவு.

எடுத்துக்காட்டாக, பறவைக்குப் பக்கத்தில் ஒரு பரிசல் இருக்கிறது. அதன் அகலம் சுமார் 2 மீட்டர். விரல் மூன்று பரிசல் அகலம் தாவினால், 6 மீட்டர். பத்தால் பெருக்கினால் 60 மீட்டர். ஏன் பத்து? நம் இரு கண்களுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து நீட்டிய விரல் வரை சுமார் 60 சென்டிமீட்டர். பத்து மடங்கு! வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்களுக்கு மற்றது விளங்கும். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் அளவெடுத்து, உங்களுக்குரிய பெருக்கெண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் ஆறு கட்டங்கள் போடுங்கள்: நேரம், பறவை, எத்தனை, எழுப்பியது யார் அல்லது எது, எவ்வளவு தொலைவு, மீண்டும் அமைதியாகத் தின்னத் தொடங்க எத்தனை நிமிடம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிக் குறித்தால், எந்த இடத்தில் எதனால் அதிகத் தொல்லை என்பது பளிச்சென்று தெரியும்.

பறவைகளை எண்ணுவதும் கடினமல்ல. முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் அத்தகைய பத்துகள் எத்தனை என்று பாருங்கள். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். நீங்களும் சேரலாம்.

இந்தக் குறிப்பேட்டால் என்ன பயன்? நாளை உங்கள் ஏரியில் படகு விடவோ, புதிய பாதை போடவோ திட்டம் வரலாம். அப்போது 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். 'மதகுப் பக்கம் படகு விடுங்கள். நாணல் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே இத்தனை பறவைகள் தின்கின்றன. இத்தனை மீட்டருக்குள் போனால் எழும்பிவிடுகின்றன. இதோ கணக்கு' என்று ஏட்டை நீட்டினால், நகராட்சியோ ஊராட்சியோ உட்கார்ந்து யோசிக்கும்.

அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாமக்கோழி தலையைத் தூக்கினால், அது கோட்டைக் காட்டுகிறது என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். இரண்டு அடி பின்னால் வாருங்கள். சற்று நேரத்தில் அது தலையைத் தாழ்த்தி மறுபடி தின்னத் தொடங்கும். அதன்பின் நீங்கள் விரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்!